மாமா கொடுக்காதது

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, தேர்வுக்கு முந்தைய விடுமுறையில், வெண்ணந்தூரில் எங்கள் தறிக்கூடத்தின் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு படத்தை வரைந்து பழகிக்கொண்டிருந்தேன். கடத்து ஆர்.என்.ஏ.யின் படம். மேலே ஒரு காம்பு, பக்கங்களிலும் கீழேயும் விரிந்த மூன்று இதழ்கள், பார்ப்பதற்கு ஒரு இலை மாதிரி. உள்ளே விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. என் தாய்மாமா ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். வெறுமனே தெருவைக் கடந்து வந்ததற்கே மூச்சு வாங்கினார். பிறகு குனிந்து, பாறைத்தூள் ஏறி நகம் வெளுத்த விரலை அந்தப் படத்தின் மேல் வைத்தார்.

“என்ன அம்மிணி, வெத்தலையா?”

“லாரிங்க மாமா,” என்று அவர் காதருகே கத்தினேன். “ஒடம்புக்குள்ள ஓடற லாரி. முன்னால டெலிவரி சீட்டு, பின்னால லோடு. சீட்டப் பாத்து லோட எறக்கிட்டு, காலியாத் திரும்பி வரும்.”

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். சிரித்துவிட்டார். “காலியாத் திரும்பினா ஓனருக்குக் கட்டுபடியாவுமா? டீசல் யாரு சாமி போடறது?”

“அது வேற பாடமுங்க மாமா,” என்றேன்.

இப்போது நினைத்தால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. படத்தை முடித்து, இதழ்களுக்குப் பெயர் குறித்து, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். மாமா நாற்காலியிலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போனார்.

தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்தது இவ்வளவுதான். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் குறிப்பிட்ட வரிசையில் கோத்த சங்கிலி. எந்த வரிசை என்பது மரபணுவில் எழுதியிருக்கிறது. அதன் நகல் ரைபோசோமுக்கு வந்து சேரும். அங்கே எழுத்துகள் மூன்று மூன்றாகப் படிக்கப்படும். படித்தால் மட்டும் போதாதே, சரக்கு வர வேண்டும். அதைச் சுமந்து வருவதுதான் கடத்து ஆர்.என்.ஏ. சின்ன இழை அது. தன்மேலேயே மடிந்து, தன் எழுத்துகளோடு தானே ஜோடி சேர்ந்து, தாளில் வரைந்தால் இலை போலவும் செல்லுக்குள் மடக்கிய முழங்கை போலவும் இருக்கும். ஒரு நுனியில் அமினோ அமிலம். மறு நுனியில் மூன்று எழுத்துகள். அந்த மூன்றும் நகலில் உள்ள மூன்றோடு பொருந்தினால் சரக்கு சங்கிலியில் சேரும். இழை வெறுங்கையோடு வெளியேறி அடுத்த சரக்கை ஏற்றப் போகும். எந்த இழையில் எந்த அமிலம் என்று பார்த்து ஏற்றிவிடத் தனித்தனி நொதிகள் உண்டு. ஏற்றுவதற்குச் செலவாகும் சக்தி மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வருகிறது. மாமா கேட்ட டீசல் அதுதான்.

மாமா திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ட்ரில்லராக இருந்தார். ஆந்திரா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் வெளியே இருப்பார். இளவயதில் துளையிடும் இரும்பு ராடு மாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அம்மா சொல்வாள். நான் பார்த்த மாமா வேறு ஆள். ஒல்லியாக, குட்டையாக, எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதலில் உட்கார இடம் தேடுகிறவர். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பந்தி பரிமாற ஓடும்போது இவர் மட்டும் ஓரத்தில் அமர்ந்திருப்பார். “சித்த ஒக்காந்துட்டு வாரேன் சாமி,” என்பார், எங்களிடமும் பெரியவர்களிடமும் ஒரே மாதிரி. சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள். “தாய்மாமன் சீர் வந்துருச்சு, மாமன்தான் இன்னும் நாக்காலியில இருந்து வரலை,” என்று மைக்கில் சொல்லாத குறையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். பாதி கேட்டிருக்காது.

காது போனது ரிக்கால் என்று எல்லோருக்கும் தெரியும். கம்ப்ரசர் பக்கத்தில் நின்றவனுக்குக் காது எப்படி நிற்கும்? அம்மாவுக்கும் காது மந்தம். அது தறியால். எங்கள் ஊரில் தறி ஓடும் வீட்டுக்காரர்கள் எல்லோருமே கொஞ்சம் கத்தித்தான் பேசுவார்கள், அதனால் அம்மாவின் காதை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. மாமாவுக்குச் சர்க்கரை வந்தது, ஊர் ஊராக ஓட்டலில் தின்றதால். அம்மாவுக்குச் சர்க்கரை வந்தது, நேரத்துக்குச் சாப்பிடாததால். மாமாவின் அசதி, சோம்பேறித்தனம். அம்மாவின் அசதிக்குப் பெயரே இல்லை, பெண்கள் அசதியாகத்தானே இருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு காரணம் இருந்தது. அக்காளையும் தம்பியையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றாகப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. உயிர்த்தொழில்நுட்பம் படித்த எனக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டுமா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரியவில்லை.

மாமாவுக்கு ஒரே மகள். என்னைவிட மூத்தவள் என்பதால் எங்கள் பக்கத்து வழக்கப்படி நங்கை என்று கூப்பிடுவேன். அவளைப் பெண் பார்க்க ராசிபுரத்துப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். எங்கள் பக்கத்தில் வருகிறவர்களை வாசலுக்குப் போய்க் கும்பிட்டு “வாங்க, வாங்க” என்று ஒவ்வொருவராக அழைக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவன் அதில் தவறவே கூடாது. கார் கதவு திறந்தபோது மாமா நாற்காலியிலிருந்து எழ முயன்றார். முட்டி ஒத்துழைக்கவில்லை. பாதி எழுந்து, கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அதற்குள் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். பையனின் பெரியப்பா என்னவோ கேட்டார். மாமாவுக்குக் கேட்கவில்லை, புன்னகைத்தார். பலகாரத்தை முழுவதும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். பிறகு தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள், “பொண்ணு லட்சணமா இருக்குதுங்க. அப்பன் ஒடம்பு பொண்ணுக்கு வந்துருமோன்னு பயமா இருக்குதுங்க” என்று.

அதற்குப் பிறகு வந்த இடங்களும் ஏறக்குறைய அப்படியே போயின. அவர்கள் வருவதற்கு முன்னாலேயே பேச்சு ஊர் ஊராக ஓடிவிட்டது. ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்த மாமா, காப்பியைக் குடிக்காமலே வைத்திருந்து, ஆறிய பிறகு அம்மாவிடம் சொன்னார். “நாந்தேன் அவளக் கெடுத்துட்டேன் அக்கா. பெத்ததுக்கு இதக் குடுத்துட்டேன்.” அம்மாவுக்குக் கேட்டதா தெரியவில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்குக் கேட்டது. டம்ளரை எடுத்துப்போய்ச் சூடுபண்ணிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

எனக்கு வரன் பார்த்தபோது எல்லாம் சுலபமாக நடந்தது. அப்பா எந்தக் குலம், எந்தக் கூட்டம், அப்பாவின் அண்ணன் தம்பிகளுக்கு என்ன தொழில், என்ன உடம்பு என்று விசாரித்தார்கள். அப்பா பக்கத்தில் எல்லோரும் பனைமரம் மாதிரி. அம்மாவின் பிறந்த வீட்டுக் கூட்டத்தின் பெயரைக் கேட்டார்கள், அவ்வளவுதான். அம்மாவின் காதைப் பார்த்து வருங்கால மாமியார், “தறிக்காரி காது, அது கெடக்குது,” என்று சிரித்தார். யாரோ ஒரு உறவுக்காரர் மாமாவின் உடம்பைப் பற்றி இழுத்தபோது என் அப்பாவின் அக்காள் வெடுக்கென்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “பொறந்த ஊட்டுல இருந்து சீருதான் வரும், சீக்கா வரும்?” எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். உடம்பும் கூட்டமும் அப்பன் வழி வருவது. தாய்வழியில் உறவு வரும், நகை வரும், பாசம் வரும். அப்படித்தான் நாங்கள் நம்பினோம். அந்த நம்பிக்கையால்தான் நான் தப்பித்தேன், நங்கை மாட்டிக்கொண்டாள்.

என் கல்யாணத்துக்கு மறு வருடம் மாமா போய்ச் சேர்ந்தார். இதயம் வீங்கிவிட்டது என்றார்கள். போவதற்கு முன் நங்கைக்குத் திருச்செங்கோட்டில் ஒருவரைப் பேசி முடித்துவிட்டார். நல்ல மனிதர், வயது கொஞ்சம் கூட. அந்தக் கல்யாணத்தில் மாமா மேடையில் நின்றே இருந்தார். கால் நடுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. நாற்காலி கொண்டுபோன என்னை வேண்டாம் என்று கையசைத்தார்.

நான் பாப்பாவைச் சுமந்தபோது எனக்குச் சர்க்கரை வந்தது. பிரசவத்துக்குப் பின் போய்விடும் என்றார்கள், போகவில்லை. குண்டாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்று என் மாமியார் சந்தேகத்தோடு பார்த்தார். நான் புகுந்த ஊரான நாமக்கல்லில் எங்கள் தெருவிலேயே ஒல்லி. சேலத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று கேட்டார். அம்மாவுக்கு, மாமாவுக்கு என்றேன். எழுதிக்கொண்டே, “காது?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “எங்கூட்டுல எல்லாருக்குமே காது மந்தந்தானுங்க டாக்டர். தறி ஓடுதில்லைங்களா.”

பேனா நின்றது. “மாமாவும் தறியா?”

“அவரு ரிக்குலங்க.”

“யாரு வழி மாமா? அம்மாவோட கூடப் பிறந்தவரா?”

“ஆமாங்க,” என்றேன். ஒரே வாக்கியத்தில் தறியையும் ரிக்கையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அக்காளும் தம்பியும்.

ரத்தமும் சிறுநீரும் பரிசோதனைக்குப் போயின. முடிவு வந்த அன்று டாக்டரம்மா ஒரு தாளை எடுத்து, நிதானமாக, படிக்காதவர்களுக்குச் சொல்வதுபோல வரைய ஆரம்பித்தார். மேலே ஒரு காம்பு. பக்கத்தில் ஒரு இதழ். நான் அவர் முடிக்கும்வரை காத்திருந்தேன். கல்லூரியில் நான் வரைந்து பழகிய அதே படம்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக ஒரு சின்ன மரபணுத் தொகுதி இருக்கிறது. அதற்கென்று தனியாக இருபத்திரண்டு கடத்து ஆர்.என்.ஏ.க்கள். லூசின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் ஒன்றில், எங்களுக்கு ஓர் எழுத்து மாறியிருக்கிறது. சீட்டைப் படிக்கும் மூன்று எழுத்துகளில் இல்லை. அவை அப்படியே இருக்கின்றன. இழை மடிகிற இடத்தில் மாறியிருக்கிறது. மடிப்பு சரியாக நிற்காவிட்டால் சரக்கு ஏறுவது குறைகிறது. படிக்கும் நுனியில் கடைசியாக நடக்க வேண்டிய ஒரு சின்ன வேலைப்பாடும் நடக்காமல் போகிறது. சக்தியை உண்டாக்கும் புரதங்கள் அரைகுறையாகத்தான் உருவாகின்றன. காது, கணையம், தசை, இதயம் என்று சக்தி அதிகம் கேட்கும் இடங்கள் முதலில் களைத்துப்போகின்றன. மாறிய இழையும் மாறாத இழையும் எல்லாச் செல்லிலும் கலந்தே இருக்கும். எந்த உறுப்பில் எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால்தான் தம்பியைக் கீழே தள்ளியது அக்காளை விட்டுவைத்திருக்கிறது. நோயோடு மாமா ராடு மாட்டினார். நோயோடு அம்மா தறி ஓட்டினாள், இன்னும் ஓட்டுகிறாள். டாக்டரம்மா அவளையும் பார்த்து, சர்க்கரை மாத்திரையை மட்டும் மாற்றினார், பழையது இந்த நோய்க்கு ஆகாதாம்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னோடு வீடு வரை வந்தது. கரு உருவாகும்போது மைட்டோகாண்ட்ரியா தாயின் முட்டையிலிருந்து மட்டுமே வருகிறது. தாய்க்கு இருந்தால் பிள்ளைகள் எல்லோருக்கும் கொஞ்சமோ நிறையவோ போகும். தகப்பன் கொடுக்க மாட்டான். கொடுக்க முடியாது.

பாப்பாவுக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்கலாமா என்று கேட்டேன். இப்போது வேண்டாம் என்றார் அவர். இவ்வளவு என்று தெரிந்தாலும் நாளைக்கு என்ன ஆகும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. காதையும் சர்க்கரையையும் மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் எல்லா நேரமும் பார்க்கிறேன். பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுத் திரும்புகிறாளா என்று பார்க்கிறேன். கரண்டியைத் தட்டிப் பார்க்கிறேன். ஓடி விளையாடிவிட்டு மடியில் வந்து விழுந்தால், இது குழந்தைக் களைப்பா வேறு களைப்பா என்று மூச்சை எண்ணுகிறேன். என் களைப்பையும் அப்படித்தான். மதியம் சமையலறையில் கால் தளரும்போது, பிள்ளை வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் உள்ளதுதானா இது, இல்லை அதுவா? மாமியார் எட்டிப் பார்த்து, “என்னம்மா, எந்நேரமும் சோந்து சோந்து நிக்கற?” என்பார். இன்னொரு பாத்திரத்தை எடுத்துக் கழுவுவேன்.

என் கணவருக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கு அவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார். வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னார், “இது நம்மளோட இருக்கட்டும். பொம்பளப் புள்ள. நாளைக்கு நாலு எடத்துல கேப்பாங்க.” எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. பல மாதங்கள் அப்படியே இருந்தோம். நங்கை வந்து போகும்வரை.

பாப்பாவைப் பார்க்க அவள் வந்திருந்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே விடவேயில்லை. பேச்சோடு பேச்சாக, உங்களுக்கு எப்போது என்று என் மாமியார் கேட்டார். நங்கை சிரித்துச் சமாளித்தாள். மாமியார் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் சொன்னாள். “எனக்கு வேண்டாம் புள்ள. அவருக்கு ஆசைதான். எங்கப்பன் பட்டதை எம்புள்ளையும் படோணுமா? எங்கிட்ட இருந்து ஒரு உசுருக்கு அது போவ வேண்டாம். என்னோட முடிஞ்சு போவட்டும்.” சொல்லிவிட்டுப் பாப்பாவின் உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டாள். வயது ஓடிக்கொண்டிருப்பது அவளுக்கும் தெரியும். அவளிடம் அது இல்லை என்பது அங்கே எனக்கு மட்டும் தெரியும்.

அன்றே சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? உங்களிடம் இல்லை என்று சொன்னால், அப்படியானால் யாரிடம் என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் அவள் இடுப்பில் இருந்தது. இரண்டு வாரம் நானும் என் கணவரும் இதையே பேசினோம். அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். “அவங்களுக்கு நல்லதுதான், ஒத்துக்கறேன். நம்ம புள்ளைக்கு?” என்பார். கடைசியில் ஒருநாள், “நான் போயிட்டு வாரனுங்க,” என்று மட்டும் சொன்னேன். அவர் பாப்பாவுக்குச் செருப்பை மாட்டிவிட்டார்.

திருச்செங்கோட்டில் நங்கை வீட்டுச் சமையலறையில், அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, சொன்னேன். முன்னும் பின்னுமாகச் சொன்னேன். மைட்டோகாண்ட்ரியா என்றேன், பிறகு அதை விட்டுவிட்டு, பொம்பளை வழியாக மட்டும் வருவது என்றேன். மாமாவுக்கு அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது, அவரோடு நின்றுவிட்டது, உங்களுக்கு வர வழியே இல்லை என்றேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

“எங்கப்பன் எனக்கு அதக் குடுக்கலையா?”

“இல்லீங் நங்கை. குடுத்திருக்கவே முடியாது.”

“நாந்தேன் கெடுத்தேன், நாந்தேன் கெடுத்தேன்னு சாகற வரைக்கும் சொன்னாரே புள்ள.” கத்தியைக் கீழே வைத்தாள். “எம்முன்னால வந்து நிக்கவே கூசுவாரு. நானும் ஒருநாள் கேட்டுப்புட்டேன், ஏன்ப்பா என்னையப் பெத்தீங்கன்னு.” மாமாவுக்காகத்தான் அழுதாள். அவள் முதுகில் கை வைத்தேன். அவர் இருந்தபோது எங்களுக்குத் தெரியாது என்று சொன்னேன். அது ஆறுதலாக இல்லை, உண்மையாக இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள். முன்அறையில் என்னவோ உருட்டிக்கொண்டிருந்த பாப்பாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. “சாமி,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன். எங்கூட்டுக்காரருகிட்டக் கூட, ஆஸ்பத்திரியில பாத்துச் சொன்னாங்கன்னு சொல்லிக்கறேன்,” என்றாள்.

அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அதற்குத்தான் போயிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் நாளைக்கு அவள் வயிற்றில் ஒன்று உண்டானால் ஊர் சும்மா இருக்காது. அந்தப் பிள்ளை கொஞ்சம் மெதுவாக நடந்தாலும், கூப்பிட்டுத் திரும்பாவிட்டாலும், தாத்தன் உடம்பு என்று ஆரம்பிக்கும். இல்லாத ஒன்றுக்காக மாமா தலைகுனிந்தது போதும். “கேட்டா சொல்லிருங்க நங்கை,” என்றேன். “அது எங்கம்மா பக்கம், எம் பக்கந்தான் போவுதுன்னு சொல்லிருங்க. மறைக்க வேண்டாம்.”

பேருந்தில் வரும்போதே பயம் பிடித்துக்கொண்டது. ராசிபுரம், நாமக்கல், சேலம் என்று எங்கள் சொந்தம் எங்கெல்லாம் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். செய்தது சரியா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. பாப்பா பெரியவளாகி, ஏனம்மா சொன்னாய் என்று கேட்கலாம். ஏன் என்னைப் பெற்றாய் என்றும் கேட்கலாம். கேட்டால் மாமா மாதிரி எனக்கும் காப்பி ஆறும்வரை உட்கார்ந்திருக்கத்தான் தெரியுமோ என்னவோ. ஒன்று மட்டும் அந்தப் பயணத்தில் தெளிவாகத் தெரிந்தது. பாப்பா இதை ஒரு கல்யாண வீட்டுச் சிரிப்பிலிருந்து தெரிந்துகொள்ளக் கூடாது. எங்கள் வீட்டிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான் அது நடக்கும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் பாப்பாவை வாங்கிக்கொண்டார். “போனது வந்தது ஒண்ணும் சொல்லலை. என்ன, எதாச்சும் விசேஷமா?” என்றார். என் கணவர் இன்னும் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. அவர் வரும்வரை காத்திருக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். காத்திருந்தால் மறுபடியும் யோசிப்பேன் என்று எனக்குத் தெரியும். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததை அணைத்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மாமியார் முன்னால் போய் நின்று, “அத்தை, டாக்டரம்மா எனக்குச் சொன்னது ஒண்ணு இருக்குதுங்க,” என்று ஆரம்பித்தேன்.